ஆள் கூப்பிட வேண்டாத விளக்குகள்

"இது கெட்டுப்போனா ஆளு கூப்பிடணுமா?"

எந்தப் பொருளை எடுத்துக் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விலையெல்லாம் அதற்குப் பிறகு. ஆறுமுகநேரி பஜாரில் இருபது வருடமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பொருள் கெட்டுப்போவதையும் என்னை ஆள் கூப்பிடுவதையும் நம்பித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. என்னிடமே வந்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்?

முதல் தடவை அவர் வந்தது ஒரு சித்திரை வெயிலில். மூன்று மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, முழங்கை வரை ரவிக்கை, கையில் நாலாக மடித்த ஒரு தாள். தாளை விரித்து நடுவில் கோடு கிழித்த பக்கத்தை என்னிடம் காட்டினார். இடதுபக்கம் 'சோலார்', வலதுபக்கம் 'ஒயர்' என்று அச்சடித்த மாதிரி எழுதியிருந்தது. நாசரேத்தில் ஒரு பெண்கள் விடுதியில் பல வருடம் வார்டனாக இருந்தவர் என்பதும், ஓய்வுபெற்ற பின் எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்கித் தனியாக இருக்கிறார் என்பதும் எனக்குக் கேள்விப்பட்ட சங்கதிதான். ஊரே வார்டனம்மா என்றுதான் சொல்லும். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"வீட்டுத் தோட்டத்துக்கு லைட்டு போடணும் தம்பி. ரெண்டுல எது நல்லதுன்னு சொல்லுங்க."

நான் ஒயர்க்காரன். சந்தேகமே வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அரையடி பள்ளம் தோண்டி, பைப்புக்குள் கேபிள் இறக்கி, டைமர் வைத்துவிட்டால் ஆறரைக்கு டாண் என்று எரியும், மழை வந்தாலும் எரியும், மேகம் போட்டாலும் எரியும். சோலார் என்பது பிள்ளைகள் விளையாட்டுச் சாமான். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் ஒரு வருடம் தாங்காது. இப்படி ஒரு பிரசங்கமே பண்ணினேன். அவர் எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டார். கடைசியில்தான் அந்தக் கேள்வி வந்தது.

"இது கெட்டுப்போனா ஆளு கூப்பிடணுமா?"

"கூப்பிடணும்லாம்மா. அதுக்குத்தான நாங்க இருக்கோம்."

வலதுபக்கம் முழுவதையும் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் அடித்துவிட்டார். மண்ணில் குத்தி வைக்கிற சோலார் குச்சி விளக்கு ஒன்றே ஒன்று வாங்கினார். "ஒரு வாரம் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். கடைக் கார்டை எடுத்து நீட்டி, எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணுங்கள் என்றேன். மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது விளக்கு. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இப்படியே ஒன்பது ஆனது. ஒவ்வொரு தடவையும் நடந்தேதான் வந்தார். நான்காவது விளக்குக்கு அவரை வெயிலில் அலையவிட மனசு கேட்காமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தேன்.

அதைப் போல ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. முருங்கை மரம் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் வெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. எலுமிச்சை, செம்பருத்தி, தொட்டி தொட்டியாகக் குரோட்டன்ஸ், எல்லாம் இடுப்பளவு. தென்னை ஒன்றுகூட இல்லை. "தென்னை வச்சா ஏறுறதுக்கு ஆளு கூப்பிடணும்லா" என்றார். எங்கள் ஊர் மண்ணில் உப்பு அதிகம், செடி பிடிக்காது. ஊருக்கு வெளியே இருக்கிற செம்மணல் தேரியிலிருந்து மண் கொண்டுவந்து பாத்தி கட்டியிருந்தார். அதுவும் மூட்டை மூட்டையாக இல்லை, தினம் ஒரு கூடை, தானே சுமந்து. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போக அடுக்களை வாசலில் ஒரு பலகைச் சரிவு. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் தெரிய, மிதக்கிற பந்தில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் ஒரு பழைய மணி. விடுதி மணியாம். விளக்கேற்றி ஜெபம் பண்ண உட்கார்கிற ஸ்டூலின் ஒரு கால் குட்டை. அதற்கு அண்டை கொடுத்திருந்த மடித்த அட்டையைப் பார்த்தேன். என் கடைக் கார்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அந்த அம்மாவுக்காவது உங்க நம்பர் பிரயோஜனப்பட்டுச்சே" என்றாள்.

விளக்குகளை அவர் வைத்திருந்த ஒழுங்கைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அடுக்களை வாசலில் ஒன்று. கொஞ்ச தூரத்தில், படிக்குப் பக்கத்தில், இரண்டு ஒட்டி ஒட்டி நின்றன. எலுமிச்சைத் திருப்பத்தில் ஒற்றையாக ஒன்று, அப்புறம் வெறும் இருட்டு. கிணற்றோரம் மூன்று கும்பலாக. பின்சுவர்க் குழாயை ஒட்டி இரண்டு, அதுவும் ஒன்று உயரத்திலும் ஒன்று தரையிலும். ஒரு கண்ணு, ஒரு கணக்கு வேண்டாமா?

"என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி அங்கங்க குத்தி வச்சிருக்கிய. அளந்து வச்சா எவ்வளவு அழகா இருக்கும்."

"எனக்கு இது சரியா இருக்கு தம்பி."

ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அறுபது பெண்பிள்ளைகளை ஒரே தடவை சொல்லிச் சொல்லியே மேய்த்தவர்.

நான் சொன்ன மாதிரியே உப்புக்காற்று வேலையைக் காட்டியது. ஆறு மாதத்தில் ஒரு விளக்கின் பேட்டரிப் பிடிப்பில் பச்சைக் களிம்பு பூத்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஆகா, வந்தாயிற்று என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "ரிப்பேர் பண்ண வேண்டாம் தம்பி. எப்படிப் பண்ணணும்னு ஒரு தடவை காட்டிக் குடுங்க. பெறகு வர மாட்டேன்" என்றார். காட்டிக்கொடுத்தேன். நாலு திருகாணி, ஒரு உப்புத்தாள், மாற்று பேட்டரி. அவ்வளவுதான். சொன்னபடி அந்த வேலைக்காக அவர் பிறகு வரவே இல்லை. காலையில் அந்தத் தெருவழியாகப் போனால், அவர் ஈரத்துணியோடு குனிந்து ஒவ்வொரு விளக்கின் தகட்டிலும் படிந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருப்பது வேலிக்கு மேலாகத் தெரியும். ஒன்பதையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் காப்பி.

ஒரே ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். ஐப்பசி மழை நேரம். நாலு நாளாக வெயில் இல்லை, விளக்குகள் மினுக்மினுக் என்று செத்துக்கொண்டிருந்தன. "ஏம்மா, ஆளு கூப்பிடுறதுல அப்படி என்னதான் வருத்தம்?"

அவர் குரோட்டன்ஸ் இலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். "ஹாஸ்டல்ல நாள் முச்சூடும் 'வார்டனக்கா, வார்டனக்கா'ன்னு கூப்பிட்டுட்டே இருக்கும் பிள்ளைய. கூப்பிடுறவளுக்கு ஒரு வார்த்தை. ஓடுறவளுக்குத்தான் தெரியும் தம்பி. எனக்காவ ஒருத்தர் ஓடி வரப்பிடாது."

ஒரே மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவரையும் கூப்பிட மாட்டார். மகன்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூப்பிடுவார். நான் ஏதோ வேலையாக அங்கே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "நல்லா இருக்கேன் ராசா. ஒரு குறையும் இல்ல. நீ வையி, பிள்ளைகளப் பாரு." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போனை வைத்துவிட்டு அதன் மேல் ஒரு கைக்குட்டையை விரித்து மூடினார். பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு வருடம் இப்படி ஓடியது. ஈஸ்டர் விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வந்தார். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் என் கடைக்கு அவரே வந்தார்.

"அண்ணாச்சி, அம்மா அந்த சோலார் லைட்ட வச்சுட்டு இருட்டுலயே கெடக்காங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு நல்ல ஒயர் லைட்டா போட்டுருங்க. டைமர் வச்சுப் போடுங்க, அம்மா ஒண்ணும் செய்ய வேண்டாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! நாலு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தவன் ஜெயித்துவிட்டேன். மறுநாளே பைப்பும் கேபிளுமாகப் போய் இறங்கினேன். டேப் பிடித்து அளந்தேன். அடுக்களை வாசலிலிருந்து பின்சுவர் வரை, ஐந்தடிக்கு ஒன்று, நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. வார்டனம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மகன் உள்ளே போன நேரம் கிட்டே வந்தார்.

"பழசு நின்ன இடத்துலயே வைக்கலாம்லா தம்பி."

"அது அழகா இருக்காதும்மா" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பண்டிகை அவசரத்தில் ஒரு இணைப்புக்குப் பெட்டி வைக்காமல் இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி மண்ணைத் தள்ளினேன். அப்புறம் வந்து சரியாகப் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று மாலை ஆறரைக்கு எல்லாம் ஒன்றாக எரிந்தபோது பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பழைய ஒன்பதையும் ஒரு சாக்கில் போட்டுக் கடைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்து மகன் பெங்களூர் போனார். அடுத்த வாரம் வார்டனம்மா விழுந்துவிட்டார்.

எங்கள் ஊரில் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாலை ஏழு மணிக்கு வரும். அவர் வீட்டுக் குழாய் பின்சுவரோரம். குடத்தோடு போனவர் இரண்டு படி இறங்குகிற இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, விடியும் முன் உப்பளத்துக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பெண் பார்க்கும் வரை அங்கேயே கிடந்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறும் வேலிதான். "ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேனே அண்ணாச்சி. ஒரு சத்தம்" என்று அந்தப் பெண் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் சத்தம் கொடுக்கவில்லை. விளக்குகள் பாட்டுக்கு அவரைச் சுற்றி எரிந்துகொண்டிருந்தன, ஒன்றைத் தவிர.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மகன் டீ வாங்கக் கீழே போனதும் அவர் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"எனக்குக் கண்ணு பொழுது சாஞ்சா தெரியாது தம்பி. நாலஞ்சு வருஷமாவே. வெளிச்சம் தெரியும், தரை தெரியாது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். ரெண்டு விளக்கு சேர்ந்து நின்றால் படி. ஒற்றை நின்றால் திருப்பம். மூன்று நின்றால் கிணறு, விலகிப் போ. உயரமும் தாழ்வுமாக நின்றால் குழாய் வந்துவிட்டது. இடுப்பில் குடத்தோடு டார்ச் பிடிக்க முடியாது. பிடித்தாலும் தன் வீட்டுத் தோட்டத்துக்குள் டார்ச் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள், பேச்சு பெங்களூர் வரை போகும். போனால் வீட்டைப் பூட்டித் தன்னைக் கூட்டிப் போய்விடுவார்கள். அந்த ஒன்பது விளக்கை வைத்துத்தான் அவர் அந்த வீட்டில் இருந்தார்.

"புதுசையும் எண்ணிப் பழகிட்டேன். நாலாவது லைட்டுகிட்ட படி. மூணாவது ரெண்டு நாளா எரியல, தெரியும். அன்னைக்கு ஏதோ ஞாபகத்துல எண்ணிக்கை தப்பிட்டு."

மூன்றாவது. நான் டேப்பைச் சுற்றிவிட்ட இணைப்பு. பாத்திக்கு ஊற்றிய தண்ணீர் இறங்கியிருக்கிறது.

"எரியலன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றேன்.

"போட்டு ஒரு மாசம்கூட ஆவலியே. அதுக்குள்ள கூப்பிட்டா உங்களுக்குக் குறைச்சலா இருக்கும்னு விட்டுட்டேன்." பிறகு சொன்னார். "அவன்கிட்ட சொல்லாதீங்க. கால் இடறிட்டுன்னு சொல்லியிருக்கேன்."

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. தனியாக விழுந்து கிடந்த தாயை எந்த மகன் மறுபடி தனியாக விடுவான்? ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பெங்களூர்தான். வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு தடவை பார்க்கக்கூட இல்லை. துணிமணியை, வேதப்புத்தகத்தை, அந்த ஸ்டூலை எல்லாம் மகன் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார். சாவியை என்னிடம் கொடுத்தார். "அப்பப்ப பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. லைட்டு எரியட்டும், ஆள் இருக்கிற மாதிரி தெரியும்."

மண்ணைத் தோண்டி அந்த இணைப்பை எடுத்துப் பார்த்தேன். பச்சை பூத்திருந்தது. பெட்டி வைத்து, மெழுகு ஊற்றி, ஒழுங்காகப் பண்ணினேன். முதல் நாளே பண்ணியிருக்க வேண்டியது. அதன் பிறகு எல்லா விளக்கும் தினமும் ஆறரைக்கு எரிந்தன. யாரும் இல்லாத தோட்டத்தில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நான் அந்தத் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். கடையில் ஆளில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன்.

"தம்பி, வார்டனம்மா பேசுதேன்."

"அம்மா! என்னம்மா, அங்க எதுவும் லைட் ரிப்பேரா?" என்று உளறினேன். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது?

"ஒரு ரிப்பேரும் இல்ல தம்பி. சும்மாதான் கூப்பிட்டேன்."

சும்மா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை.

"நம்பர் எப்படிம்மா கெடச்சுது?"

"ஸ்டூலுக்கு அடியில இருந்துச்சுல்லா, ஒட்டிக்கிட்டே வந்துட்டு." கொஞ்சம் சிரித்தார். "இங்க ஏழாவது மாடி தம்பி. எல்லாத்துக்கும் ஆளு இருக்கு. மண்ணுதான் இல்ல." பிறகு கேட்டார். "தோட்டம் எப்படி இருக்கு?"

பரணில் இருந்த சாக்கு ஞாபகம் வந்தது. "அம்மா, போனை வைக்காதிய" என்றேன். சாக்கை இறக்கி வண்டியில் வைத்து, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, அந்த வீட்டுக்குப் போனேன். டைமரை நிறுத்தினேன். தோட்டம் இருண்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். "இப்ப சொல்லுங்கம்மா. எங்கெங்க வைக்கணும்?"

அவர் நடந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும். "அடுக்களை வாசல்ல ஒண்ணு. அங்கன இருந்து என் காலுக்குப் பதினோரு எட்டு, உங்களுக்கு ஒம்பது இருக்கும். ரெண்டு வையுங்க. ஒட்டி வைக்கணும். வச்சாச்சா? படி இறங்குங்க, பாத்து. எலுமிச்சை கையில தட்டுதா? அங்கன ஒத்தையா ஒண்ணு. இலை முள்ளு கிழிக்கும், சேலையை… சரி, உங்களுக்கு அது இல்ல." கிணற்றுக்கு மூன்று வைத்தேன். குழாய்க்கு உயரமும் தாழ்வுமாக இரண்டு. பரணில் கிடந்து செத்த விளக்குகள், ஒன்றுகூட எரியவில்லை. அது அவருக்குத் தெரியாது.

"குழாய்க்கு வந்தாச்சும்மா."

"எரியுதா தம்பி?"

"எரியுதும்மா" என்றேன். இருட்டில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

பிறகு, வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்கிறவர் மாதிரித் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாளைக்கும் கூப்பிடலாமா தம்பி?"

"எப்ப வேணாலும் கூப்பிடுங்கம்மா."

மறுநாள் அவர் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நானே அந்த நம்பருக்குப் போட்டேன். மகன்தான் எடுத்தார். அம்மா இப்போதெல்லாம் சீக்கிரம் தூங்கிவிடுகிறார்கள், நன்றாக இருக்கிறார்கள் என்றார். பிறகும் இரண்டு தடவை போட்டேன். அதே பதில்.

ஒன்பது விளக்குக்கும் பேட்டரி மாற்றினேன். ஒயர் விளக்குகளின் டைமரை மறுபடி போடவே இல்லை. வாரத்துக்கு ஒருநாள் காலையில் கடை திறக்கும் முன்னால் ஈரத்துணியோடு போய், குனிந்து, ஒவ்வொரு தகட்டிலும் படிந்திருக்கும் உப்பைத் துடைத்துவிட்டு வருகிறேன். அதற்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.